த்ரில்லர் கதைகளில் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக, மற்றவர்கள் எழுதும் அதிரடிக் கதைகளின் கைப்பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். துப்பாக்கி சரியா, துரத்தல் விறுவிறுப்பாக இருக்கிறதா, கடைசித் திருப்பம் எடுபடுகிறதா என்று கேட்டுத்தான் அனுப்புவார்கள். நான் ஓரத்தில் அதிகம் எழுதுவதோ வேறு ஒன்று: "இவர் கடைசியாக எப்போது சாப்பிட்டார்?" அதைப் பார்த்துச் சிரித்தவர்கள், கோபித்தவர்கள், திருப்பிக் கேள்வி கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பக்கம்.

சுடுவதும் ஓடுவதுமாகப் போகிற கதையில் சாப்பாட்டுக்கு என்ன வேலை?

உடம்பை ஞாபகப்படுத்துகிற வேலை. த்ரில்லரில் வரும் பயம் முழுக்க உடம்பைச் சுற்றித்தான். குண்டு பாயும், எலும்பு உடையும், மூச்சு நிற்கும். அந்த உடம்பு நிஜம் என்று நம்பினால்தான் வாசகர் அதற்காகப் பதறுவார். முந்நூறு பக்கம் பசிக்காமல், தாகமெடுக்காமல் ஓடுகிற ஒருவனுக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தால் எனக்கென்ன? அவனுக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியவருகிறது.

இன்னொரு வேலையும் உண்டு. இந்த வகைக் கதையில் ஆட்கள் ஓரிடத்தில் உட்காருவது அபூர்வம். உட்கார்ந்தால் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள், இல்லாவிட்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருப்பார்கள். இரண்டு பேர் தாமாகவே எதிரெதிரே உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, இருபது நிமிடம் பேசுவதற்குச் சாப்பாட்டு மேசையை விட்டால் வேறு இடம் கிடையாது. பக்கத்திலேயே கத்தியும் இருக்கிறது.

வாசகர் இதையெல்லாம் கவனிப்பாரா?

நன்றாக எழுதியிருந்தால் கவனிக்க மாட்டார். சரியில்லாதபோதும் "சாப்பாடு இல்லையே" என்று சொல்ல மாட்டார். "ஏனோ ஒட்டவில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இது என் தலையிலேயே விடிந்த கதை. நான் எழுதிய முதல் நாவலில் நாயகி நான்கு நாள் ஓடுகிறாள். படித்த நண்பர் ஒருவர் வேலை மெனக்கெட்டு ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார்: நாள், இடம், தூக்கம், சாப்பாடு. சாப்பாட்டுக் கட்டங்கள் எல்லாம் காலி. இரண்டாம் நாள் மட்டும் "காபி 1" என்று இருந்தது. அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், "குடிக்கவில்லை, போன் வந்துவிட்டது."

திருத்தி எழுதும்போது ஒரே ஒரு இடத்தில் கைவைத்தேன். விடுதி நடைபாதையில் ஒளிந்து நகர்கிறாள். யாரோ சாப்பிட்டு முடித்து அறை வாசலில் வைத்த தட்டு தரையில் கிடக்கிறது. லிஃப்ட் மணி அடிக்கிறது. குனிகிறவள் ஒளிவதற்காகத்தான் குனிகிறாள், ஆனால் கை தானாகத் தட்டுக்குப் போகிறது. பாதி ரொட்டி, அதில் யாருடையதோ பல் தடம். ரொட்டி காய்ந்து விறைத்திருப்பதால் அதை விட்டுவிட்டு, பிரிக்காத வெண்ணெய்ப் பொட்டலத்தைத் தாளோடு வாயில் வைத்து உறிஞ்சுகிறாள். ஆறு வரிதான். புத்தகத்தைப் படித்தவர்கள் என்னிடம் பேசியதெல்லாம் அந்த வெண்ணெயைப் பற்றித்தான். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய பாலத்துச் சண்டையைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் உயிர் போகிற நேரத்தில் யாருக்குப் பசிக்கும்?

நியாயமான கேள்வி. பசிக்காது. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் சுரக்கிறது, குடலுக்குப் போகிற ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது, செரிமானம் மந்தமாகிறது, எச்சில் வற்றுகிறது. அந்த நிலையில் ஒருவனுக்கு ரொட்டியைக் கொடுத்தால் மாவைப் போல வாயிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், தொண்டையைத் தாண்டாது.

எனவே துரத்தலின் நடுவே அவனை உட்கார்த்தி ஊட்டிவிடச் சொல்லவில்லை. துரத்தல் முடிந்த பிறகு பாருங்கள். ஆபத்து விலகி அரை மணி, ஒரு மணி கழித்து உடம்பு கணக்கைக் கேட்க ஆரம்பிக்கும். கை நடுங்கும். கரண்டி சூப் கிண்ணத்தின் விளிம்பில் 'டக்டக்' என்று தட்டும். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் இருப்பவர் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கிண்ணத்தையே தூக்கிக் குடிப்பான். "அவன் மிகவும் பயந்துபோயிருந்தான்" என்ற வரியை அப்புறம் தாராளமாக அடித்துவிடலாம்.

மாறாக, தாக்குதலுக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒருவன் பொறுமையாக மென்று சாப்பிடுகிறான் என்றால் அதுவும் ஒரு செய்திதான். ஒன்று, இதெல்லாம் அவனுக்குப் பழகிப்போயிருக்கிறது. இல்லையென்றால் அவனுக்குள் ஏதோ ஒன்று எப்போதோ செத்துப்போயிருக்கிறது. இரண்டில் எது என்று உடனே சொல்லிவிடாதீர்கள்.

பிடித்து அடைத்துப் பட்டினி போடுகிற காட்சியில் என்ன தவறு அதிகம் நடக்கிறது?

மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலாவது, தண்ணீரை மறந்துவிடுவது. சோறில்லாமல் வாரக்கணக்கில் உயிர் தாங்கும். தண்ணீரில்லாமல் சில நாள்தான், வெயிலில் அதுவும் கிடையாது. ஐந்து நாள் தண்ணீரில்லாமல் கட்டிவைக்கப்பட்ட நாயகன் ஆறாம் நாள் நாலு பேரை அடிக்கிறான் என்றால் அங்கே இருப்பது லாஜிக் ஓட்டை இல்லை, லாரி போகிற வாசல்.

இரண்டாவது, பசியை வயிற்று வலியாக மட்டும் எழுதுவது. பசி மனதையும் தின்னும். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடல் எடையில் ஏறக்குறைய கால்வாசி போனது. அதைவிட முக்கியம், அவர்கள் நடந்துகொண்ட விதம். சமையல் புத்தகங்களை நாவல் மாதிரி படித்தார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். தட்டை நக்கினார்கள். கொஞ்ச உணவை மணிக்கணக்கில் இழுத்து இழுத்துத் தின்றார்கள். எரிச்சல் கூடியது, எதிலும் ஈடுபாடு குறைந்தது. உங்கள் கைதி தப்பிப்பதைப் பற்றியே சதா யோசிக்கிறானா? மூன்றாம் வாரத்தில் அவன் ஒரு குறிப்பிட்ட குழம்பின் மேல் மிதந்த எண்ணெயைப் பற்றித்தான் யோசிப்பான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று நாம் சும்மாவா சொல்லி வைத்தோம்? அந்தப் பத்தில் தப்பிக்கும் திட்டமும் ஒன்று.

மூன்றாவது தவறு மீட்புக் காட்சியில் வரும். விடுதலையான கைதிக்கு வயிறு முட்டச் சாப்பாடு போட்டு எல்லோரும் கண்கலங்குவார்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சரேலென்று இறங்கி, இதயமே நின்றுபோகலாம். இரண்டாம் உலகப்போர் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகள் பலர் இப்படித்தான் இறந்தார்கள். அன்போடு ஊட்டிய கையாலேயே கொலை நடப்பது எவ்வளவு பெரிய காட்சி! அதைப் போய் ஒரு பாட்டுக்கு இடம் மாதிரி வீணடிக்கிறோம்.

மேசையைச் சுற்றிப் பதற்றத்தை எப்படி உண்டாக்குவது?

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவுடனான உரையாடலில் சொன்ன உதாரணம் ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். இரண்டு பேர் மேசையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் இருந்த குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்கூட்டியே பார்ப்பவருக்குக் காட்டிவிட்டால் அதே சாதாரணப் பேச்சு பதினைந்து நிமிடப் பதைபதைப்பாக மாறிவிடும்.

இதில் பலரும் குண்டையே பார்க்கிறார்கள். நான் மேசையைப் பார்க்கச் சொல்வேன். சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பரிமாறுவது, அப்புறம் சாப்பிடுவது, கடைசியில் தட்டை எடுப்பது. வாசகருக்கு இது மனப்பாடம். அதனால் அதுவே கடிகாரமாகிவிடுகிறது. "இனிப்பு வரும்வரைதான் நமக்கு நேரம்" என்று ஒரு பாத்திரம் சொல்லிவிட்டால் போதும். பரிமாறுகிறவர் ஒவ்வொரு தடவை கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போதும் வாசகருக்குப் பக்கென்று இருக்கும். மணி எத்தனை என்று நீங்கள் ஒரு தடவைகூட எழுத வேண்டாம்.

அப்புறம், யார் எங்கே உட்காருகிறார் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கதவைப் பார்த்து உட்காருகிறவருக்கு ஒரு கதை, கதவுக்கு முதுகு காட்டுகிறவருக்கு ஒரு கதை. கதவைப் பார்க்கும் நாற்காலியை ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்தால், அது இரண்டு பக்கக் காதல் வசனத்துக்குச் சமம்.

வில்லன் ஏன் எப்போதும் நாயகனை விருந்துக்குக் கூப்பிடுகிறான்? அலுத்துவிட்டது.

எனக்கும்தான். நீள மேசை, மெழுகுவத்தி, ஒயினைச் சுழற்றியபடி திட்டத்தை முழுசாக ஒப்பிக்கிற வில்லன். அந்த மேசையை ஏலத்தில் விட்டுவிடலாம்.

ஆனால் அந்தக் காட்சிக்கு அடியில் இருப்பது பழைய, வலுவான ஒன்று. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக்கூடாது என்கிறோம். செஞ்சோற்றுக் கடன் என்கிறோம். ஒருவன் கையால் சாப்பிட்டால் அவனோடு ஒரு கட்டு விழுந்துவிடுகிறது. வில்லன் சோறு போடுவது தன் பணத்தைக் காட்டுவதற்காக மட்டும் இல்லை, நாயகனைக் கடனாளியாக்குவதற்காகவும்தான். சாப்பிட்டால் கட்டுப்படுகிறான், மறுத்தால் பயந்ததாகிறது. இந்த இக்கட்டை எழுதினால் மெழுகுவத்தியே தேவையில்லை, நின்றுகொண்டே பாதி ஆப்பிளை நீட்டினால்கூடப் போதும். அறுத்த கத்தியும் அதே கையில் இருக்கட்டும்.

தெரிந்தவரே நஞ்சைப் பெய்து கொடுப்பதைக் கண்ணால் பார்த்தும் அதை உண்டு அமைதியாக இருப்பார்களாம், நயத்தக்க நாகரிகம் வேண்டுகிறவர்கள். வள்ளுவர் இதைக் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில் வைத்திருக்கிறார். எனக்கென்னவோ அந்த இரண்டு அடியைப் படிக்கும்போதெல்லாம் ஒரு த்ரில்லரின் உச்சக்காட்சியாகவே தெரிகிறது. ஊற்றுகிறவருக்குத் தெரியும், குடிக்கிறவருக்குத் தெரியும், ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்கும் தெரியும். அதற்கு மேல் என்ன ட்விஸ்ட் வேண்டும்?

பகையாளிகள் மரியாதையோடு ஒரே மேசையில் உட்காருவது நிஜத்திலும் நடந்திருக்கிறது. 1995-இல் வந்த 'ஹீட்' படத்தில் போலீஸ்காரரும் கொள்ளைக்காரனும் காபி குடித்தபடி பேசும் காட்சிக்கு அடிப்படை, 1960-களில் சிகாகோவில் சக் ஆடம்சன் என்ற துப்பறிவாளர் தான் தேடிவந்த கொள்ளைக்காரன் நீல் மெக்காலியோடு உட்கார்ந்து குடித்த காபி. பின்னாளில் 1964-இல் மெக்காலி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான், அந்த மோதலில் ஆடம்சனும் இருந்தார். அந்த ஒரு காபிக்குப் பக்கத்தில் வில்லனின் நீள மேசையெல்லாம் நிற்காது.

சாப்பாட்டில் விஷம் வைக்கும் காட்சி. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நேரத்தில். ஒரு வாய் குடித்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சரிவது சயனைடு மாதிரியான சில விஷங்களுக்குத்தான் ஓரளவாவது பொருந்தும். பெரும்பாலானவை மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வேலை செய்பவை. முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி அலெக்சாந்தர் லித்வினென்கோ 2006 நவம்பர் 1 அன்று லண்டன் ஹோட்டல் ஒன்றில் பொலோனியம்-210 என்ற கதிரியக்க விஷம் கலந்த தேநீரைக் குடித்தார். இறந்தது நவம்பர் 23. நடுவில் மூன்று வாரம். அவர் படுக்கையிலிருந்தபடி விசாரணை அதிகாரிகளிடம் பேசினார். தன் கொலையைப் பற்றித் தானே சாட்சி சொல்ல ஒருவருக்கு நேரம் கிடைத்தது. கதாசிரியருக்கு இதில் கிடைப்பது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். உடனே விழுகிறவனிடம் ஒரு பிணம்தான் கிடைக்கிறது.

பாதாம் வாசனையை வைத்துத் துப்பறிவாளர் சயனைடைக் கண்டுபிடிக்கிற காட்சி எழுதினால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: அந்தக் கசப்பு பாதாம் வாசனை எல்லா மூக்குக்கும் எட்டாது. பிறவியிலேயே அதை உணர முடியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அறையில் நான்கு பேர், ஒருவருக்கு மட்டும் வாசனை தெரிகிறது, மற்றவர்கள் நம்பவில்லை. பழைய உத்தியில் இன்னும் உயிர் இருக்கிறது.

ஒரு விஷயம், சாப்பாடும் கொலையும் சேர விஷம்தான் வேண்டும் என்றில்லை. ரோல்ட் டால் 1953-இல் வெளியிட்ட சிறுகதை ஒன்றில் மனைவி உறைந்த ஆட்டுத் தொடையால் கணவனை அடித்துக் கொல்கிறாள். பிறகு அதை அடுப்பில் வைத்து வேகவிடுகிறாள். ஆயுதத்தைத் தேடிவரும் போலீசார் அதையே சாப்பிட்டுவிடுகிறார்கள். கதையைப் படிக்காதவர்கள் மன்னிக்கவும், எழுபது வருடம் ஆகிவிட்டது.

உளவாளி சாப்பிடுகிற விதத்தால் மாட்டிக்கொள்வது நம்பும்படியாக இருக்குமா?

நன்றாக இருக்கும். பொய்ப் பெயரை மனப்பாடம் செய்யலாம், உச்சரிப்பைப் பழகலாம். கை மட்டும் பசியில் தன் பழைய வழிக்கே போகும். அமெரிக்கர்கள் பலர் இறைச்சியைக் கத்தியால் வெட்டியதும் கத்தியை வைத்துவிட்டு முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றுவார்கள். ஐரோப்பியர்கள் இடக்கையிலேயே வைத்துச் சாப்பிடுவார்கள். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவுக்குள் அனுப்பப்பட்ட அமெரிக்க உளவாளிகளுக்கு இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள்.

இதை எழுதுபவர்கள் செய்யும் தவறு, எதிரி உடனே "பிடித்துவிட்டேன்!" என்று துள்ளி எழுவது. அவன் எழக்கூடாது. பார்த்தான், தன் தட்டைப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் உப்பு கேட்டான். அவ்வளவுதான். வாசகர் அடுத்த நாற்பது பக்கத்துக்கு அந்த உப்பைச் சுமந்துகொண்டு அலையட்டும்.

விலையுயர்ந்த உணவு, மது வகைகளைப் பெயர் சொல்லி விவரிப்பது இன்றும் எடுபடுமா?

அந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். இயன் ஃபிளெமிங்கின் முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவல் 'கசினோ ராயல்' வந்தது 1953 ஏப்ரலில். பிரிட்டனில் அப்போதும் இறைச்சிக்கு ரேஷன். ரேஷன் முழுதாக முடிந்தது 1954 ஜூலையில். அந்த வாசகர் ரேஷன் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும்போது, பாண்ட் மீன் முட்டைக்குத் தொட்டுக்கொள்ள ரொட்டி போதவில்லையே என்று கவலைப்படுகிறான். அவகாடோ பழத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். பலருக்கு அந்தப் பழத்தைக் கண்ணால் பார்க்கவே வாய்த்திருக்காது. அன்றைக்கு அந்தச் சாப்பாட்டுப் பட்டியலே ஒரு சாகசம்.

இன்று யாரும் போனைத் தட்டினால் அந்தத் தட்டின் படம் வந்துவிடும். எனவே பெயர்ப் பட்டியல் பட்டியலாகவே கிடக்கும். நாயகன் எதை ஏங்குகிறான், அது அவனுக்கு ஏன் கிடைக்காது என்பதுதான் எழுத வேண்டியது. ஏக்கத்துக்கு ரேஷன் இன்னும் முடியவில்லை.

நாயகன் சமைக்கலாமா? அதிரடி குறைந்துவிடாதா?

சமைக்கட்டும். லென் டெய்ட்டன் உளவு நாவல்களும் எழுதினார், லண்டனில் வரும் 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் சமையல் குறிப்புகளைப் படக்கதை மாதிரி வரைந்தும் கொடுத்தார். அவர் நாவலை வைத்து 1965-இல் வந்த 'தி இப்க்ரெஸ் ஃபைல்' படத்தில் உளவாளி முட்டை உடைத்துச் சமைக்கும் காட்சி உண்டு. உளவாளியாக நடித்த மைக்கேல் கெய்னுக்கு ஒரே கையால் முட்டை உடைக்க வரவில்லை. திரையில் நெருக்கமாகத் தெரிகிற கை டெய்ட்டனுடையது. அடிதடிக்கு டூப் போடுவது போக, ஆம்லெட்டுக்கு டூப் போட்டிருக்கிறார்கள்!

சமையல் காட்சியின் பயன் இதுதான்: கைகள் என்ன செய்யத் தெரிந்தவை என்று காட்டிவிடலாம். தோள்பட்டை விலகிய ஒருவன் ஒற்றைக் கையால் முட்டையை உடைக்கிறான் என்று வையுங்கள். முதல் முட்டை ஓட்டோடு சட்டியில் விழுகிறது. ஓட்டுத் துணுக்கை விரலால் எடுக்கப் பார்க்கிறான், வழுக்குகிறது, விட்டுவிடுகிறான். அப்படியே தின்கிறான், பல்லில் நறநறவென்று அரைபடுகிறது. அடுத்த சண்டையில் அந்தத் தோளை ஒருவன் பிடிக்கும்போது எவ்வளவு வலிக்கும் என்று நீங்கள் விளக்கவே தேவையில்லை.

காபி?

துப்பறிவாளர்கள் ரத்தத்துக்குப் பதில் காபியில்தான் ஓடுகிறார்கள். அது பரவாயில்லை. குடித்த மறுகணமே கண் பளிச்சென்று திறந்துகொள்வதுதான் பிரச்சினை. காஃபின் முழுசாக ஏற அரை மணி, முக்கால் மணி ஆகும். ஏறியதில் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும். காவல் இருக்கிறவன் நள்ளிரவில் குடித்த காபி விடியற்காலையில் அவனைத் தூங்கவிடாமல் படுத்தட்டும். இன்னொன்று, காபி குடிக்கிறவர் எழுந்து போக வேண்டியும் வரும். கண்காணிப்புக் காட்சிகளில் யாருமே எழுந்து போவதில்லை.

படைவீரர்கள் களத்தில் சாப்பிடுவதை எழுத என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நெருப்பு மூட்ட முடியாது என்பது முதலில். வெளிச்சம், புகை, வாசனை மூன்றுமே காட்டிக்கொடுக்கும். அமெரிக்கப் படையினரின் உணவுப் பொட்டலத்தில் ஒரு சூடாக்கும் பை இருக்கும். அதற்குள் மக்னீசியமும் இரும்புத் தூளும். கொஞ்சம் தண்ணீர் விட்டால் தானாகக் கொதிக்கும், தீயே இல்லை. ஒரு பொட்டலத்தில் ஏறக்குறைய 1,250 கலோரி. இதையெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிட்டு, யார் யாரோடு எதை மாற்றிக்கொண்டார்கள் என்பதற்கு வாருங்கள். படைப்பிரிவுக்குள் யாருக்கு யார் நெருக்கம் என்பது அந்தப் பண்டமாற்றில் தெரியும். மறுநாள் ஒருவன் இறந்துபோனால், அவன் மாற்றிக் கொடுத்த பிஸ்கட் இன்னொருவன் பையில் கிடக்கும்.

சமையலறையில் சண்டை வைக்கலாமா?

வைக்கலாம், எல்லோரும் வைக்கிறார்கள். கத்தியை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள் என்பேன். தரையில் எண்ணெய் சிந்தினால் இருவருக்கும் வழுக்கும், நல்லவனுக்கு மட்டும் வழுக்காமல் இருக்காது. கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அது ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும், எண்ணெயைத் தூக்கி எறியும். எறிந்தவன் கையும் பொசுங்கும்.

மாவு மூட்டை வெடிக்குமா என்றும் கேட்கிறார்கள். மாவுத் தூசி வெடிக்கும். 1878-இல் மினியாபொலிஸில் ஒரு பெரிய மாவு ஆலை அப்படி வெடித்து 18 பேர் இறந்தார்கள். ஆனால் அது மூடிய இடத்தில், காற்றில் சீராகக் கலந்த நுண்தூசியால் நடந்தது. மூட்டையைக் கிழித்துத் தீக்குச்சியைப் போட்டால் பெரும்பாலும் கருகிய மாவுதான் கிடைக்கும். நாயகன் முகம் முழுக்க மாவோடு அசடு வழிய நிற்பான். யோசித்தால் அதுவே நல்ல காட்சி.

முதல் வாயை எடுக்கும்போது போன் வருவது?

ஒரு புத்தகத்துக்கு ஒரு தடவை. அதற்கு மேல் போனால் வாசகரே தட்டைப் பார்த்ததும் போனுக்குக் காத்திருக்க ஆரம்பிப்பார்.

அதையும் வேறு மாதிரிச் செய்யலாம். போன் வருகிறது, கெட்ட செய்தி, ஆனாலும் அவள் சாப்பிட்டு முடிக்கிறாள். அடுத்த சாப்பாடு எப்போதென்று தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எழுந்து ஓடுகிறவளைவிட இவளிடம்தான் எனக்குப் பயம்.

ஒரு சாப்பாட்டுக் காட்சி எவ்வளவு நீளம் இருக்கலாம்?

மேசையில் ஏதாவது மாறிக்கொண்டிருக்கும்வரை. ருசியை விவரிப்பதற்கு மட்டும் என்றால் ஒரு வரி. அதுவும் வாசனையையோ சூட்டையோ பற்றியதாக இருந்தால் நல்லது. "சுவையாக இருந்தது" என்பது எதையுமே சொல்வதில்லை. நாக்கைச் சுட்டுக்கொண்டான் என்றால், அவசரம், பசி, எதிரில் இருப்பவர் சிரித்தது எல்லாமே வந்துவிடுகிறது.

எல்லாம் முடிந்து நாயகன் சாப்பிட உட்காருவதோடு கதையை முடிக்கலாமா?

பலர் முடித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் அவனைப் பசியோடு வைத்திருந்தீர்களா என்பதுதான் கேள்வி. நடுவில் மூன்று விருந்து சாப்பிட்டவன் கடைசியில் இன்னொன்று சாப்பிட்டால் வாசகர் ஏன் அசைய வேண்டும்?

என் நாவலை இரண்டாம் முறை திருத்தியபோது முடிவை மாற்றினேன். முதல் பிரதியில் நாயகி துறைமுகத்தில் நின்று விடியலைப் பார்க்கிறாள், சுமார் ஒன்றரைப் பக்கம். புதிய பிரதியில் ஒரு வீட்டுச் சமையலறை. முன்பின் தெரியாத வயதான அம்மாள் ஒருவர், "என்னம்மா சாப்பிடுற?" என்று கேட்கிறார். நான்கு நாளாக யாருக்கும் உண்மையான பதில் எதுவும் சொல்லிப் பழகாதவளுக்கு இந்தக் கேள்விக்கும் பதில் வரவில்லை. அவர் காத்திருக்காமல் ஒரு முட்டையை வேகவைத்து உரித்து, உப்பைத் தொட்டுக் கையில் கொடுக்கிறார். சூடு தாங்காமல் அவள் அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டே நிற்கிறாள்.

பிரதியை அனுப்பியதும் நண்பர் தன் பழைய அட்டவணையைத் தேடி எடுத்துத் திருப்பி அனுப்பினார். நான்காம் நாள், சாப்பாட்டுக் கட்டம்: "முட்டை 1."